சுடும் ஊசியும் அதன் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க் கட்டிக்குள் ஓர் ஊசியைச் செலுத்தி அதைச் சுட்டுப் பொசுக்குவதோடு, அதே இடத்தில் மருந்தையும் இறக்கிவிடும் கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றிய செய்தி சென்ற வாரம் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்திருந்தது. இனி கத்தியும் வேண்டாம், கீமோவும் வேண்டாம் என்ற பொருள்படும்படி அதற்குத் தலைப்பிட்டிருந்தீர்கள். மதுரையில் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அன்று மாலைக்குள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவருடைய தாய்க்கு மார்பகத்தில் கட்டி. இன்னொருவருடைய கணவருக்குக் குடலில் தொடங்கிய நோய் நுரையீரல் வரை பரவியிருக்கிறது. மூன்றாமவருக்கு நோய் எதுவும் இல்லை, பயம் மட்டும்தான். இந்த ஊசியை மதுரையில் எங்கே போடுகிறார்கள் என்பதே மூவரும் கேட்டது. தங்கள் செய்தியில் தவறு என்று சுட்டத்தக்க வாக்கியம் ஒன்றும் இல்லை; ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காண உதவும் வாக்கியமும் ஒன்றுகூட இல்லை.

கட்டியைச் சூட்டினால் அழிப்பது நேற்று வந்த உத்தி அன்று. ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன் என்ற பெயரில் 1990களிலிருந்தே கல்லீரல் கட்டிகளுக்கு அது செய்யப்பட்டு வருகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் பக்கத்தில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். கதிர்வீச்சில் நோயாளியின் உடலுக்குள் கரண்ட் பாய்வதே இல்லை. உண்மையிலேயே கரண்ட் பாய்ச்சும் சிகிச்சை இதுதான், ஆனால் பெயர் அதற்குப் போய்விட்டது. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்றால், இந்தக் கருவி தரும் மின்சாரம் வினாடிக்கு ஏறத்தாழ 4,50,000 முதல் 5,00,000 சுற்று வரை திசை மாறிக்கொண்டிருக்கும். அந்த வேகத்துக்கு நரம்போ இதயமோ அதிர்வதில்லை. ஊசி முனையைச் சுற்றியுள்ள திசுவின் அயனிகள் மட்டும் அங்குமிங்கும் அலைக்கழிந்து, உராய்ந்து, சூடேறுகின்றன. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சில நிமிடங்களிலும், 60 டிகிரியைத் தாண்டினால் ஏறக்குறைய உடனடியாகவும் உயிரணுக்கள் மடிகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவதைப் போலப் புரதம் உறைந்துவிடுகிறது.

அப்படியானால் சூட்டை இன்னும் ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். 100 டிகிரியை எட்டினால் திசு கொதித்து, காய்ந்து, கரியாகி ஊசியைச் சுற்றி ஓடு போலப் படிந்துவிடும்; கரி மின்சாரத்தைக் கடத்தாது; அதற்கு அப்பாலுள்ள கட்டி வேகாமலே நின்றுவிடும். இதைத் தவிர்க்கவே பல கருவிகளில் ஊசியின் உள்ளே சிறு பம்பு ஒன்றின் வழியாகக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். சுடுகிற ஊசியைக் குளிரவைக்கும் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் பிரித்துப் பார்த்தபோது எனக்கு விந்தையாக இருந்தது. உள்ளே போன மின்சாரம் வெளியேறுவதற்காக நோயாளியின் தொடைகளில் ஒட்டும் பட்டைகள் சரியாக ஒட்டாமல் ஓர் ஓரம் பிரிந்திருந்தால் அங்கே தோல் வெந்துவிடும் என்பதையும், அந்தப் பட்டையைச் சரிபார்ப்பது யார் பொறுப்பு என்று தொழில்நுட்பரும் செவிலியரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதையும், இத்துறையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு எல்லை உண்டு. அந்த எல்லைதான் செய்தியில் வந்திருக்க வேண்டிய முதல் தகவல். கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்ல பலன் கிடைக்கிறது. அதைத் தாண்டத் தாண்ட, விளிம்பில் உயிரோடு மிஞ்சும் அணுக்களிலிருந்து நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது. கட்டியை ஒட்டிப் பெரிய இரத்தக் குழாய் ஓடினால் ஓடுகிற இரத்தமே சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். தண்ணீர் ஊற்றிய காகிதக் குவளையைத் தீயில் காட்டினால் காகிதம் எரியாது என்று பள்ளியில் செய்து காட்டுவார்களே, அதே கணக்குத்தான். பித்தப்பைக்கோ குடலுக்கோ அருகில் இருந்தால் சுடுவதற்கு மருத்துவர்கள் தயங்குவார்கள். மைக்ரோவேவ் ஊசிகள் இந்தக் குறைகளில் சிலவற்றைக் குறைத்திருக்கின்றன. அவற்றில் பல 2.45 கிகாஹெர்ட்ஸில், அதாவது நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. ஆர்கான் வாயுவைக் கொண்டு கட்டியை உறையவைப்பதும் உண்டு. ஊசியே இல்லாமல் ஒலி அலையால் கட்டியை நொறுக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் கல்லீரல் கட்டிகளுக்காக 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்திருக்கிறது. முறை எதுவானாலும், எண்ணிக்கையில் சிலவாகவும் அளவில் சிறியனவாகவும் உள்ள கட்டிகளுக்குத்தான் இவை. உடலெங்கும் பரவிவிட்ட நோயை ஊசி முனையால் துரத்திப் பிடிக்க முடியாது.

அடுத்தது, மருந்தைக் கட்டிக்கு மட்டும் கொண்டு சேர்ப்பது. கல்லீரலில் இதற்கு இயற்கையே ஒரு வழி விட்டிருக்கிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது; ஆனால் அங்கே வளரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் கல்லீரல் தமனியிலிருந்தே தனக்கு வேண்டியதை உறிஞ்சுகிறது. ஆகவே தொடை இடுக்கில் மெல்லிய குழாயை நுழைத்து அந்தத் தமனி வரை கொண்டுபோய், கீமோ மருந்தை அங்கேயே விட்டு, வழியையும் அடைத்துவிட்டால், கட்டி ஒரே நேரத்தில் நஞ்சுக்கும் பட்டினிக்கும் ஆளாகிறது. கல்லீரலின் மற்றப் பகுதி பெரும்பாலும் தப்பிக்கிறது. மருந்தைச் சுமந்து செல்ல இதில் பயன்படும் லிப்பியோடால் என்ற எண்ணெய், கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்துச் செய்யப்படுவது. டேஸ் என்று மருத்துவமனைகளில் சுருக்கிச் சொல்லப்படும் இந்த முறை, தகுந்த நோயாளிகளின் ஆயுளை நீட்டுகிறது என்பதைப் பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் செய்யப்பட்டு 2002இல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. இது நம் நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது.

தங்கள் செய்தி சொன்னதோ சூடும் மருந்தும் சேர்ந்த முறை. அந்த எண்ணமும் மனிதர்களிடம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டதுதான். 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகித் திறந்துகொள்ளும் நுண்ணிய கொழுப்பு உறைகளில் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை அடைத்து இரத்தத்தில் விடுவது, ஊசியால் கட்டியைச் சுடும்போது அதன் விளிம்பிலுள்ள இளஞ்சூட்டில் உறை திறந்து, சூடு எட்டாத ஓரங்களை மருந்து கவனித்துக்கொள்வது என்பதே திட்டம். தெர்மோடாக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்த மருந்தை 701 கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். ஊசியால் சுடுவதோடு நின்றதைவிட மருந்தையும் சேர்த்தது நோயைக் கூடுதல் காலம் தடுக்கவில்லை என்று 2013இல் முடிவு வந்தது. அதே கணக்குகளைத் திரும்பப் புரட்டியபோது, 45 நிமிடங்களும் அதற்கு மேலும் சூடேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் பலன் இருந்ததுபோல் தெரிந்ததால், அப்படியே சூடேற்றி 556 பேரிடம் மறுபடியும் சோதித்தார்கள். தொடர்ந்தாலும் பலன் தெரியும் வாய்ப்பு இல்லை என்ற நிலைக்கு அந்தச் சோதனை 2020இல் வந்து சேர்ந்தது. ஆய்வகத்தில் அத்தனை அழகாக வேலை செய்த ஏற்பாடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் எதிர்பார்த்ததைத் தரவில்லை. நுண்துகள்களில் ஏற்றி இரத்தத்தில் விடும் மருந்தில் நடுத்தர அளவாக 0.7 விழுக்காடுதான் கட்டியைச் சென்றடைகிறது என்று, விலங்குச் சோதனைகள் பலவற்றைத் தொகுத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருந்தது. இவற்றால் புதிய கண்டுபிடிப்பும் தோற்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. எலியிடம் பெற்ற வெற்றியையும் மனிதரிடம் பெற்ற வெற்றியையும் ஒரே எழுத்தளவில் அச்சிடலாகாது என்கிறேன்.

இனி, எனக்கு நெருங்கிய ஒரு செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் கணவருக்கு, நெடுங்காலமாக இருந்த மஞ்சள் காமாலைக் கிருமியின் பின்விளைவாகக் கல்லீரலில் 2.5 சென்டிமீட்டர் கட்டி ஒன்று ஸ்கேனில் தெரிந்தது. சுடுவதற்கு மிகவும் பொருத்தமான கட்டி என்று மருத்துவர் சொன்னார். தனியார் மருத்துவமனை ஒன்றில் நாள் குறித்தார்கள். எழுதித் தந்த செலவுப் பட்டியலில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஊசியின் விலை. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட வேண்டிய இறக்குமதி ஊசி அது. அக்காள் நகையை வைத்துப் பணம் கட்டிய பிறகு, ஊசி இன்னும் சென்னையிலிருந்து வந்து சேரவில்லை என்று ஒருமுறையும், வந்தது வேறு நீளமாக இருக்கிறது என்று மறுமுறையும் நாள் தள்ளிப்போயிற்று. மூன்றாவது தேதிக்கு முன் எடுத்த ஸ்கேனில் கட்டி 3.4 சென்டிமீட்டராகி, பக்கத்தில் இன்னொன்றும் முளைத்திருந்தது. ஊசியைக் கைவிட்டு டேஸ் செய்தார்கள். அதன் பிறகு பதினெட்டு மாதங்கள் இருந்தார். மருத்துவர் மீது எனக்குக் குறை இல்லை. கண்டுபிடித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்த ஒரு கருவி, வேண்டிய நாளில் வேண்டிய இடத்தில் இல்லை.

அந்த ஊசியை நான் பார்த்திருக்கிறேன். முனை தவிர மற்ற இடமெல்லாம் மின்காப்புப் பூச்சு இட்ட எஃகுக் குழல், வெப்பத்தை அளக்கும் மெல்லிய இணைக்கம்பி, நீர் போய்வர இரண்டு நுண்குழாய்கள், ஒரு கைப்பிடி, ஒரு கேபிள். துல்லியம் வேண்டும், கிருமி நீக்கம் வேண்டும், சோதனைச் சான்றுகள் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். எளிய வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் மதுரைக்கு இது புதிய கதையும் அன்று. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் 100 டாலரை ஒட்டிய விலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், ஏழைக்கு அதை எப்படி வைப்பது என்ற கேள்விக்கு விடையாக 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி, அதே லென்ஸை 10 டாலர் அளவில் செய்து காட்டியது. இன்று அது உலகின் பல நாடுகளுக்குப் போகிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990 டிசம்பரிலேயே ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கண்ணுக்கும் இதயத்துக்கும் முடிந்தது, கல்லீரலுக்குச் செலுத்தும் ஊசிக்கு ஏன் முடியாது என்று கேட்க, மதுரைக்கு அருகே கப்பலூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவருக்கும் உரிமை இருக்கிறது.

அரசின் கையிலும் வழிகள் உள்ளன. குறிப்பிட்ட இடத்தில் மருந்தைக் கசியவிடும் கருவிகளில் நம் மக்கள் நன்கு அறிந்தது மருந்து பூசிய இதய ஸ்டென்ட். அதன் விலைக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தபோது, கடைகளிலிருந்து ஸ்டென்டே மறைந்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. இன்றும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்லீரல் புற்றுக்கான சோராஃபெனிப் மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்த நிலையில், காப்புரிமைச் சட்டத்தின் 84ஆவது பிரிவின்கீழ் 2012 மார்ச்சில் வழங்கப்பட்ட கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமலே வேறொருவர் தயாரிக்கத் தரும் அனுமதி, அதை 9,000 ரூபாய்க்கும் கீழே கொண்டுவந்தது. சிகிச்சை முறைக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடையாது, கருவிக்கு உண்டு. அந்தக் கருவியை நியாயமான விலையில் மக்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் உண்டு.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இத்தகைய கண்டுபிடிப்புகளை அச்சிடும்போது, சோதித்தது விலங்கிடமா மனிதரிடமா, எந்த உறுப்பில் எந்த அளவுக் கட்டிக்கு, இந்தியாவில் உரிமம் உண்டா என்பவற்றையும் சேர்த்து நான்கு வரிகள் எழுதுங்கள். மற்றொன்று, தங்கள் மதுரைச் செய்தியாளருக்கு உரியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. அதன்கீழ் மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்களுக்குக் கடந்த ஆண்டில் கல்லீரல் கட்டியைச் சுடும் சிகிச்சை எத்தனை முறை நடந்தது, அரசு இராசாசி மருத்துவமனையின் இருப்பில் இன்றைக்கு எத்தனை ஊசிகள் உள்ளன என்று கேட்டு, கிடைக்கும் இரண்டு எண்களையும் அப்படியே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குடல் புற்று பரவியவரின் மனைவி இன்னமும் அந்தக் கத்தரித்த தாளை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். அவருடைய கணவருக்கு இந்த ஊசி பொருந்தாது என்பதை நான் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை, பத்திரிகையில் போட்டிருக்கிறதே என்றார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவக் கருவிப் பராமரிப்பாளர்,
திருநகர், மதுரை.