கண்ணாடித் தொட்டிக்கு எந்த விளக்கு?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. கண்ணாடித் தொட்டியில் நீ வளர்க்கும் பூச்சி தின்னும் செடிக்கு எந்த விளக்கு போடலாம் என்று கேட்டிருந்தாய்; கீழே சொல்கிறேன். பெரியவள் மேற்படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சி. என் வாழ்த்தைச் சொல். இங்கே நீலகிரியில் மழை பிடித்துவிட்டது. மேட்டுப் புல்வெளிகளில், இலை இழைகளில் பசைத்துளி வைத்துப் பூச்சி பிடிக்கும் ட்ரோசிரா இனங்களில் ஒன்றான ட்ரோசிரா பெல்டாட்டா தலைகாட்டும் காலம். அதைத் தொட்டியில் வைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் மண்ணுக்கடியில் கிழங்காக ஒடுங்கும் செடி அது. வருஷம் முழுக்க ஈரத்தில் வைத்தால் கிழங்கு அழுகிவிடும். காட்டில் இருப்பது காட்டிலேயே இருக்கட்டும்.

உன் தொட்டியில் இருக்கும் ட்ரோசிரா கேபென்சிஸுக்கு வருகிறேன். புது இலைகள் காம்பு நீண்டு, மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. இழை நுனிகளில் பசைத்துளி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை. அதற்காகக் கடைக்காரர் சொன்ன ஊதா விளக்கை வாங்காதே. செடி அதிலும் வளரும்தான்; ஆனால் இலை சிவக்கிறதா, வெளுக்கிறதா, பூஞ்சை பிடிக்கிறதா என்று அந்த நிறத்தில் உனக்குத் தெரியாது. பூச்சி தின்னும் செடியை வளர்ப்பவனுக்கு இலையின் நிறம்தான் அளவுகோல். சாதாரண வெள்ளை எல்இடி பேட்டனே (குழல் போன்ற நீள விளக்கு) போதும். வெண்மையின் சாயலைக் குறிக்கும் எண் 4000 கெல்வினோ 6500 கெல்வினோ, எது கிடைத்தாலும் சரி.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைப் பார்த்து முடிவு செய்யாதே. இலைமேல் எவ்வளவு விழுகிறது என்பதுதான் கணக்கு. உன் தொட்டி 60 × 30 செ.மீ.; பரப்பு 0.18 சதுர மீட்டர். ட்ரோசிராவுக்கு இலை மட்டத்தில் சுமார் 10,000 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 10,000 லூமென் ஒளி, வேண்டும். அப்படியென்றால் கீழே 1,800 லூமென் சேர வேண்டும். பக்கவாட்டில் சிதறுவதும் கண்ணாடியில் போவதுமாகப் பாதி வீணாகும் என்று வைத்துக்கொள். மேலே 3,600 லூமென் தேவை. இரண்டடி நீள 10 வாட் பேட்டன் ஒன்று ஏறக்குறைய 1,000 லூமென் தரும். ஆக நான்கு பேட்டன். உன்னிடம் இப்போது இருப்பது ஒன்றே ஒன்று!

நான்கையும் ஒரு அலுமினியப் பட்டையில் இணையாகப் பொருத்தி, மூடிக் கண்ணாடிக்கு வெளியே, இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டு. தொட்டிக்குள் வைத்தால் விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்டில் ஈரம் ஏறும், ஷாக் அடிக்கவும் வாய்ப்புண்டு. ஒயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்று. வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனுக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள். பின்புறமும் இரு பக்கமும் வெளியிலிருந்து வெள்ளை தெர்மாகோல் ஒட்டினால் மூலைகளில் வெளிச்சம் நன்றாகவே கூடும். சட்டிகளைக் கவிழ்த்த டப்பாமேல் ஏற்றி, இலைக்கும் விளக்குக்கும் 20 செ.மீ. வரும்படி வை.

நேரம் 14 மணி. சென்னையில் இதை ராத்திரியில் எரிப்பதே நல்லது: மாலை 6 மணிக்குப் போட்டு காலை 8 மணிக்கு அணை. 40 வாட் சூடும் மூடிய தொட்டிக்குள் பகல் வெயிலோடு சேர்ந்தால் மே மாதத்தில் செடி வெந்துவிடும். ஆனால் அப்போது தொட்டியை ஜன்னல் பக்கம் வைக்கக்கூடாது. பகலில் அதற்கு இருட்டு வேண்டும். டைமர் வாங்கும்போது உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டலாகப் பார். சக்கரம் சுற்றும் வகையில் கரண்ட் போகும் நேரமெல்லாம் கடிகாரம் பின்தங்கி, சில வாரத்தில் இரவு பகல் குழம்பிவிடும்.

நான்கையும் முதல் நாளே 14 மணி நேரம் போடாதே. வெளிச்சம் குறைவாக வளர்ந்த இலை கருகும். 8 மணியில் ஆரம்பித்து மூன்று வாரத்தில் மெல்ல ஏற்று. பழைய இலை தேறாது. புதிதாக விரிவதை மட்டும் பார். அது குட்டையாக, இழை சிவந்து, துளி நிறைந்து வந்தால் சரி. மஞ்சளாக வெளுத்தாலோ நுனி காய்ந்தாலோ ஒரு பேட்டனை அணைத்துவிடு. வெளிச்சம் சரியாக இருந்தும் துளி வரவில்லையென்றால் தண்ணீரைச் சந்தேகப்படு. அதில் கரைந்த உப்புகளின் அளவான டிடிஎஸ் 50 பிபிஎம்முக்குக் கீழே இருக்கட்டும்.

பச்சையாக இருப்பதெல்லாம் குறையும் அல்ல. நீ வாங்க நினைக்கும் ட்ரோசிரா அடிலே குயின்ஸ்லாந்து மழைக்காட்டு நிழலில் வளர்வது. அதை ஓரத்தில், பாதி வெளிச்சத்தில் வை. கேபென்சிஸிலேயே ஆல்பா என்ற வகை எவ்வளவு வெளிச்சத்திலும் சிவக்காது. நம் ஊர் ட்ரோசிராவான பர்மான்னியை நேர் நடுவில் வை. ஓர இழைகள் சில நொடியில் மடங்கிப் பூச்சியைப் பிடிப்பதைக் கிட்ட இருந்து பார்க்கலாம். ஓராண்டுச் செடிதான், பூத்து விதை போட்டுச் சாகும், விதையைச் சேர்த்துக்கொள்.

இலையைப் பொறிபோல் மூடிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் பற்றியும் கேட்டிருந்தாய். வட, தென் கரோலினா கரையோரச் செடி அது. மூன்று நான்கு மாதம் குளிர் உறக்கம் வேண்டும். எத்தனை விளக்கு போட்டாலும் இந்தத் தொட்டி அதற்கு இடமில்லை. குடுவைச் செடியான நெப்பந்தஸ் வென்ட்ராட்டா என்றால் பால்கனியில் தொங்கவிடு, சீக்கிரமே தொட்டியை மீறி வளர்ந்துவிடும்.

மூடியின் உட்புறத்தை வாரம் ஒருமுறை துடை. பேட்டன் மாட்டியதும் போனில் லக்ஸ் ஆப் போட்டு, நடுவிலும் நான்கு மூலையிலும் இலை மட்டத்தில் அளந்து எழுது. போன் காட்டும் எண் துல்லியமாக இராது. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே போனால் அதே இடத்தில் அளந்தால் விளக்கு மங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
ரகு