குடும்பச் சண்டை நமக்கு அந்நியமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாரமலரில் 'கோஸ்ட் ரைடர்' என்ற அமெரிக்கச் சித்திரக்கதை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எரியும் மண்டையோட்டோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய தங்கள் தாராளத்துக்கு நன்றி. ஆனால் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வசனம் எழுதியிருக்கிறார்: 'அண்ணன் தம்பிப் பிணக்கைப் புகுத்திப் பேய்க்கதையைக் கெடுத்துவிட்டார்கள், இந்தக் கலவை நம் மரபுக்கு அந்நியமானது.'

தாங்கள் வாசித்த பிறகுதான் இது அச்சுக்குப் போனதா? நான் எழுதுவது திருகோணமலையிலிருந்து. இங்கே கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை ஏறுகிற சிறுபிள்ளைகூட, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்க்காமல் வீடு திரும்பாது. அந்த இராவணன் யார் என்று தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தமையன் குபேரனை இலங்கையிலிருந்து துரத்திப் புட்பக விமானத்தையும் பறித்துக்கொண்டவன். அவனுடைய தம்பியரில் ஒருவன் எதிரியின் பாசறைக்குப் போனான். மற்றவன், செய்தது பிழை என்று அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே களத்தில் செத்தான். சம்பந்தர் கோணமலைப் பதிகத்தின் எட்டாம் பாட்டில், மலையெடுத்தவனின் செருக்கை விரலால் அடக்கிய இறைவனே அவன் துதித்தபோது அருளியதையும் பாடுகிறார். தண்டனையும் வரமும் ஒரே ஆளுக்கு, ஒரே பாட்டில்! எதிர்நாயகனுக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்? அந்நியமாம்.

கட்டுரையாளர் சித்திரக்கதையையாவது ஒழுங்காக வாசித்தாரா என்பது வேறு சந்தேகம். கோஸ்ட் ரைடராக மாறுகிறவர்களில் பிந்தியவனான டனி கெட்சை, முந்தியவனான ஜொனி பிளேசின் 'சீடன்' என்று எழுதியிருக்கிறார். 1972இல் வந்த ஜொனி எதற்காகச் சாத்தானோடு ஒப்பந்தம் செய்தான்? தன்னை எடுத்து வளர்த்தவரின் புற்றுநோய் மாறவேண்டும் என்பதற்காக. நோய் மாறியது, மனிதர் மோட்டார் சைக்கிள் சாகசம் ஒன்றில் விழுந்து இறந்தார். முதற்கதையே குடும்பக் கதை. அதில் யார் எதைப் புகுத்தினார்கள்? 1990இல் வந்த டனி, அடிபட்டுக் கிடக்கும் சகோதரிக்காகத் துடிக்கிறவன். அவனும் ஜொனியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதும், தாய்வழிச் சாபம் ஒன்று தலைப்பிள்ளையைத் தேடிவருவதும் பிறகுதான் வெளியாகின்றன. பின்னாளில் வஞ்சக வானதூதன் ஒருவனின் பேச்சை நம்பி டனி அண்ணனுக்கு எதிராகவே நிற்கிறான். அந்தச் சண்டை மூண்டதால்தான், இவர்களுக்குள் குடியேறும் பழிவாங்கும் ஆவி நரகத்துச் சரக்கல்ல, மேலுலகத்திலிருந்து வந்தது என்பதும், உலகெங்கும் அதைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் வாசகனுக்குத் தெரியவருகின்றன. சண்டையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மண்டையோடும் பெற்றோல் செலவும்தான்.

2014இல் வந்த இன்னொரு கோஸ்ட் ரைடரான ரொபி ரெயஸின் கதையைக் கட்டுரை தொடவே இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பியை அந்தச் சீரழிந்த பகுதியிலிருந்து கூட்டிக்கொண்டு போகப் பணம் வேண்டும் என்று, வேலை செய்யும் கராஜில் நின்ற காரை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போய்ச் சுடப்பட்டுச் சாகிறான் ரொபி. அவனை எழுப்பி அவன் உடம்பில் குடியேறும் ஆவி, கொலைகாரனான சொந்தச் சித்தப்பன். கர்ப்பிணியாக இருந்த தாயைப் படியில் தள்ளிவிட்டுத் தம்பி அப்படிப் பிறக்கக் காரணமானவனும் அவனே. இது கதையைக் கெடுப்பதா?

எங்கள் வீட்டிலும் ஒரு காணி உறுதியால் நானும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருந்தோம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியதாக நாங்கள் நம்பும் ஏழு கிணறுகள் அவை. இருந்தது ஒரு வாளி. நான் அள்ளிக் குளித்துவிட்டு அதை மச்சானிடம் நீட்டினேன். மச்சான் தம்பியிடம் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்தில் நின்றோம், கை எட்டும் தூரம். கட்டுரையாளருக்கு உடன்பிறந்தவர்கள் இல்லைப் போலும். கொடுத்துவைத்தவர்.

சொல்ல வந்ததோடு இன்னும் சில. இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டிருந்த எழுபதுகளில், அட்டை போன தமிழ்நாட்டு முத்து காமிக்ஸை ஒரு இரவுக்கு இரவல் வாங்கி வாசித்தவர்கள் நாங்கள். அதே 1972இல் அதன் நாயகனாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவியும் முதற்கதையில் கொள்ளையடிப்பவன்தான். அதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தில் விஷயத்தை வெட்டிவிட்டு, 'தங்கள் பணி தொடரட்டும்' என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மறக்கவில்லை. எங்கள் ஊர் தங்கள் பக்கங்களில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் கோணேசர் தேர் ஏறவேண்டும், அல்லது துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் வரவேண்டும். வாரமலரும் இங்கே பல வாரங்களில் திங்கட்கிழமைதான் கைக்குக் கிடைக்கிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 'சீடன்' என்பதை 'உடன்பிறந்தவன்' என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். சிறுவர் பக்கத்துச் சித்திரக்கதையைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிவிட்டீர்கள். பாத்திரங்கள் பேசுவதை என் பேத்தியாலும் வாசிக்க முடியவில்லை. கட்டுரையாளரின் புகைப்படத்துக்குக் கொடுக்கும் இடத்தையாவது அதற்குக் கொடுங்கள்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகன்,
திருகோணமலை.