பிராக் வசந்த இசைவிழா என்று விற்கப்பட்ட கச்சேரி: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
மே மாத பிராக்–வியன்னா குழுவில் வந்த வாடிக்கையாளர்,
சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனம், சென்னை.

பொருள்: இசைவிழாக் கூடுதல் கட்டணம் 52,000 ரூபாயைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் அலுவலகம் அனுப்பிய ஐயாயிரம் ரூபாய் கூப்பன் வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்குள் உங்களுடனேயே இன்னொரு சுற்றுலா போனால்தான் அது செல்லுமாம். அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் கேட்டது தள்ளுபடி அல்ல. நீங்கள் விற்ற பொருளைத் தரவில்லை, ஆகவே அதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றுதான் கேட்டேன். தொலைபேசியில் பேசியவர்களுக்கு இது புரிந்ததாகத் தெரியவில்லை. அதனால் எழுத்தில் விளக்கமாகத் தருகிறேன்.

உங்கள் பயணத் திட்டத்தில் நான்காம் நாளுக்கு இப்படி அச்சிட்டிருந்தீர்கள்: "12 மே மாலை: பிராக் வசந்த இசைவிழாவின் துவக்கக் கச்சேரி, ஸ்மெதனா அரங்கம்." பக்கத்திலேயே கண்ணாடிக் கூரையும், ஆர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியமும் தெரியும் அந்த அரங்கத்தின் புகைப்படம். இதற்காக நபருக்கு 26,000 ரூபாய் தனியாக வாங்கினீர்கள். எனக்கும் என் மகளுக்கும் சேர்த்து 52,000. ரசீது என்னிடம் இருக்கிறது.

மகள் சிறு வயதிலிருந்து மேற்கத்திய வயலின் கற்றுக்கொள்கிறாள். ஐரோப்பா போவதென்றால் பலரும் பாரிஸ், சுவிட்சர்லாந்து என்பார்கள். அவள் கேட்டது இந்த ஒரு கச்சேரியைத்தான். மே மாதத்தில் இந்தத் தேதிகளை நாங்கள் தேர்ந்தெடுத்ததே அதற்காக. இதே சுற்றுலாவை உங்களிடமே செப்டம்பரில் இதைவிடக் குறைந்த விலையில் போயிருக்கலாம்.

ஏன் 12 மே என்பதை உங்கள் நிறுவனத்தில் யாராவது தெரிந்துகொண்டு விற்றார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. செக் நாட்டின் இசை மேதை பெட்ரிக் ஸ்மெதனா 1884ஆம் ஆண்டு அதே தேதியில் இறந்தார். விழா 1946இல் தொடங்கியது. செக் ஃபில்ஹார்மோனிக் என்ற பெரிய வாத்தியக் குழுவுக்கு (ஆர்க்கெஸ்ட்ராவுக்கு) அப்போது ஐம்பது வயது, அதைக் கொண்டாடத்தான் விழா. 1952 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஸ்மெதனாவின் "மா வ்லாஸ்த்", அதாவது "என் நாடு" என்ற படைப்போடுதான் விழா தொடங்குகிறது. காலையில் விஷெஹ்ராட் குன்றில் உள்ள அவருடைய கல்லறையில் மலர் வைப்பார்கள். மாலையில், ஸ்மெதனா அரங்கம் இருக்கும் நகராட்சி மாளிகையில் கச்சேரி. வாசிக்கும் குழுவும் அதை வழிநடத்தும் கண்டக்டரும் மாறலாம், படைப்பு மாறாது. 1948இல் நாட்டை விட்டு வெளியேறிய செக் இசைக்குழுக் கண்டக்டர் ரஃபேல் குபேலிக், கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தபின் 1990இல் திரும்பி வந்து இந்தத் துவக்கக் கச்சேரியை நடத்தினார். 2024இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழு வந்து வாசித்தது. இவ்வளவும் என் மகள் வருவதற்கு முன்பே படித்து வைத்திருந்தாள்.

அந்தப் படைப்பில் ஆறு பகுதிகள். மொத்தம் ஒன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். முதல் பகுதியின் தொடக்கத்தில் ஹார்ப் என்ற தந்தி வாத்தியம் இரண்டு மட்டும் மெதுவாக வாசிக்கும் ஒரு மெட்டு, பிராக் வழியாக ஓடும் ஆற்றின் பெயர் கொண்ட "வல்தவா" என்ற இரண்டாவது பகுதியின் முடிவில் கம்பீரமாகத் திரும்பி வரும். கடைசிப் பகுதியின் முடிவில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து மறுபடி வாசிக்கும். முழுவதையும் ஒரே அமர்வில் கேட்டால்தான் அது என்ன செய்கிறது என்று தெரியும். ஸ்மெதனா இதை எழுதிய காலத்தில் அவருக்குக் காது கேட்காமல் போயிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குத்தான் நாங்கள் பணம் கட்டினோம்.

நீங்கள் காட்டியது என்ன? அன்று மாலை பேருந்து எங்களைப் பழைய நகரத்தில் ஒரு தேவாலயத்தின் அருகே இறக்கிவிட்டது. வாசலில் வெள்ளை விக்கும் மொசார்ட் காலத்துக் கோட்டும் அணிந்த இரண்டு பையன்கள் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த உடனேயே மகள், "அம்மா, இது அது இல்லை" என்றாள். வழிகாட்டியிடம் கேட்டேன். "இதுதான் மேடம், உள்ளே போங்க, ஆரம்பிச்சுடும்" என்றார். பாவம், அவருக்குக் கொடுத்த தாளில் அந்த விலாசம்தான் இருந்தது.

உள்ளே ஐந்து பேர் தந்தி வாத்தியங்களுடன், கூடவே ஓர் ஆர்கன். விவால்டியின் வசந்தம், பாகெல்பெல்லின் கேனன், மொசார்ட்டில் கொஞ்சம், ஒரு ஆவே மரியா, நடுவில் வல்தவாவிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டு மட்டும் சில நிமிடம். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வாசித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நன்றாகவே வாசித்தார்கள். பிராக்கில் இப்படிச் சுற்றுலாப் பயணிகளுக்கான கச்சேரிகள் ஆண்டு முழுவதும், ஒரே மாலையில் பல தேவாலயங்களில் நடக்கின்றன. பிப்ரவரியில் போனாலும் கேட்கலாம். என் கையில் இருக்கும் டிக்கெட்டில் விலை 900 கொருணா (செக் நாணயம்) என்று போட்டிருக்கிறது. அது நம் பணத்தில் சுமார் நாலாயிரம் ரூபாய்தான். மீதி 22,000 எதற்கு என்று நான் கேட்கக் கூடாதா?

உண்மையான துவக்கக் கச்சேரி அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், வெடிமருந்துக் கோபுரத்தை ஒட்டிய நகராட்சி மாளிகையில், அதே இரவு நடந்தது. விடுதி அறைக்குத் திரும்பித் தொலைக்காட்சியைப் போட்டோம், நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் தாளில் போட்டிருந்த அதே கண்ணாடிக் கூரை. மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அணைத்துவிடச் சொன்னாள். அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

உங்கள் பதில் மின்னஞ்சலில் இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். முதலாவது, "பிராக்கில் வசந்த காலத்தில் ஒரு கிளாசிக்கல் கச்சேரி ஏற்பாடு செய்யப்பட்டது, ஆகவே வாக்குறுதி நிறைவேற்றப்பட்டது." மார்கழி சீசனுக்கென்று வெளியூரிலிருந்து வருகிறவரை சபாவுக்கு அழைத்துப் போகாமல், ஓட்டல் வரவேற்பறையில் புல்லாங்குழல் வாசிப்பவர் முன்னால் உட்கார வைத்து, "இதுவும் மார்கழி, இதுவும் கச்சேரி" என்று சொன்னால் எப்படியிருக்கும்? சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, "நிகழ்ச்சிகள் மாற்றத்துக்கு உட்பட்டவை" என்ற நிபந்தனை. விமானம் தாமதமானால், மழை பெய்தால், அரங்கம் மூடியிருந்தால் அது பொருந்தும். இங்கே எதுவும் மாறவில்லை. கச்சேரி சொன்ன நாளில், சொன்ன இடத்தில் நடந்தது. உங்களிடம் அதற்கான டிக்கெட் இல்லை, அவ்வளவுதான். விழாவின் நிகழ்ச்சி நிரல் பல மாதங்களுக்கு முன்பே வெளிவந்து விற்பனையும் தொடங்கிவிடுகிறது. டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் புறப்படுவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். வேறு நாள் ருடோல்ஃபினம் என்ற இன்னொரு அரங்கத்தில் ஒரு விழாக் கச்சேரிக்காவது முயன்றிருக்கலாம். விழா ஜூன் தொடக்கம் வரை நடக்கிறதே! அல்லது கூடுதல் கட்டணத்தை வாங்காமலாவது இருந்திருக்கலாம்.

அப்புறம் உங்கள் விளம்பரத் தாளில் இன்னொரு வேடிக்கை. "1968இல் மலர்ந்த பிராக் வசந்த விழா" என்று போட்டிருக்கிறீர்கள். 1968இல் மலர்ந்தது, அதே "பிராக் வசந்தம்" என்ற பெயரால் அறியப்படும், அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் அலெக்சாண்டர் துப்செக்கின் அரசியல் சீர்திருத்தம். அந்த ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்து அதை நசுக்கின. இசைவிழாவுக்கு அப்போதே இருபது வயது தாண்டிவிட்டது. யாரோ இணையத்தில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எதை விற்கிறோம் என்று பார்க்காமலேயே விற்றிருக்கிறீர்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மற்றபடி உங்கள் ஏற்பாட்டில் எனக்குப் புகார் இல்லை. விடுதி சுத்தம். வியன்னாவில்கூட ரசமும் தயிர்சாதமும் கிடைத்தன, கூட வந்த பெரியவர்கள் உங்களை வாழ்த்தினார்கள். வழிகாட்டி பொறுமையானவர். இந்தக் கடிதத்தால் அவருக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாது என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியவை: கூடுதல் கட்டணம் 52,000 ரூபாய் முழுவதும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். தேவாலயக் கச்சேரி டிக்கெட்டின் விலையை அதில் கழிக்கவும் சம்மதிக்க மாட்டேன், நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. அடுத்த ஆண்டுக்கான விளம்பரத்தில் இன்னும் அதே வரியும் அதே படமும் இருக்கின்றன. டிக்கெட் கையில் இல்லாமல் அதை விற்பதை உடனே நிறுத்த வேண்டும். எங்கள் குழுவில் இதே கட்டணம் கட்டிய மற்றவர்களுக்கும் அவர்கள் கேட்காமலேயே பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர்களில் சிலர் அந்த ஐயாயிரம் கூப்பனை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள், அதற்காக அவர்களுடைய பணம் உங்களுடையதாகிவிடாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரம், முறையற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அந்தச் சட்டத்தில் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இணையவழியிலும் பதிவு செய்யலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. "எல்லாம் எங்கள் நிபந்தனையில் இருக்கிறது மேடம்" என்று தொலைபேசியில் சொன்ன உங்கள் ஊழியருக்கும் இதைத் தெரியப்படுத்துங்கள்.

இனிமேல் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். கடிதமோ மின்னஞ்சலோ போதும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பயணத் திட்டத்தின் நான்காம் நாள் பக்கம், கூடுதல் கட்டண ரசீது, தேவாலயக் கச்சேரி டிக்கெட்டுகள் இரண்டு, உங்கள் பதில் மின்னஞ்சலின் நகல், பயன்படுத்தாத கூப்பன்.