அந்த நூறு கியாத் நோட்டு

வியாசர்பாடி

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் வாசித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே முட்டிவலி ஒன்றுதான், மற்றபடி சுகம்.

நீ பர்மாவைப் பற்றி எழுதியிருந்தது மனசை விட்டுப் போகவில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அந்த ஜனங்கள் படும் பாட்டைச் சொல்லி, அமெரிக்கா ஒரு வாரம் இறங்கினால் போதும் என்கிறாய். உன் கோபம் எனக்கும் உண்டு. உன் அம்மாவும் என் அப்பாவும் ரங்கூனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள்தானே. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டு, 50, 100 கியாத் நோட்டும் செல்லாது என்றார்கள். அப்பாவின் தகரப் பெட்டியில் அந்த நூறு கியாத் நோட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், தொட்டால் கிழிந்துவிடும் போலிருந்தது.

ஆனாலும் அந்த ஒரு வாரக் கணக்கை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2003இல் அமெரிக்கப் படை ஈராக்கில் இறங்கி, பாக்தாத் விழ மூன்றே வாரம்தான் ஆனது. அப்புறம்? அடுத்த மாதமே, அங்கே நிர்வாகம் பார்க்க அமெரிக்கா அனுப்பிய பிரெமர் ஒரு உத்தரவு போட்டு ஈராக் ராணுவத்தையே கலைத்தார். லட்சக்கணக்கான ஆண்பிள்ளைகளுக்குச் சம்பளம் நின்றுபோனது. கையில் துப்பாக்கி மட்டும் மிச்சம். சதாமின் கட்சிக்காரர்கள் என்று வாத்தியார்களைக்கூட வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தை யார் திறப்பது, தெருவுக்கு யார் காவல் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எந்தப் பேரழிவு ஆயுதத்தைச் சொல்லிப் படையெடுத்தார்களோ அது கடைசிவரை கிடைக்கவும் இல்லை. ரஷ்யா மட்டும் என்ன செய்தது? 1979இல் ஆப்கானிஸ்தானில், காபூலில் இறங்கி, ஆட்சியிலிருந்த அமீனைக் கொன்று தன் ஆளை உட்கார வைத்தது. வெளியே வர 1989 ஆகிவிட்டது.

வங்கதேசத்துக்கு நம் படை போகவில்லையா என்று கேட்பாய். போனது, நல்லதே நடந்தது. ஆனால் அந்த ஜனங்கள் 1970 தேர்தலிலேயே தங்களுக்கு யார் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நம் படையும் சில மாதத்தில் திரும்பி வந்தது. பர்மாவிலும் 2020இல் ஓட்டுப் போட்டார்களே, பிள்ளைகள் காட்டில் சண்டை போடுகிறார்களே என்றால், அந்த இடத்தில் எனக்குப் பதில் வரமாட்டேன் என்கிறது. பயம்தான் வருகிறது. பர்மாக் கடற்கரையில் சியாக்பியூவிலிருந்து தன் யுன்னான் மாகாணத்துக்கு எண்ணெய்க் குழாய் போட்டு வைத்திருக்கிற சீனா, அமெரிக்கப் படை வந்தால் கையைக் கட்டிக்கொண்டா உட்காரும்? இரண்டு பெரியவர்கள் மோதினால் மிதிபடுவது யார்?

அந்தப் பிள்ளைகளுக்கு அரிசியும் மருந்தும் போகட்டும். தப்பி வருகிறவர்களை உள்ளே விடட்டும். மிசோரமில் ஊர்க்காரர்களே அவர்களுக்கு இடம் கொடுத்து, சோறு போடுகிறார்கள். இதைப் படித்த அன்றைக்குத்தான், துறைமுகத்தில் இறங்கியதும் முதலில் கஞ்சி கொடுத்த அம்மாளைப் பற்றி அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு வா. பீச் ஸ்டேஷன் பக்கம் போய் நம் பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிடலாம். வாழைத்தண்டு சூப் இன்னும் அதே ருசிதான்.

உன்,
ராஜு