உன் மகன் கேட்கும் பாட்டு

மேற்கு மாம்பலம்

அன்புள்ள பாலா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செல்வம் வேளச்சேரியில் வீடு வாங்கிவிட்டான், பால் காய்ச்சியதற்கு உன்னைக் கூப்பிடவில்லை என்று நீ சண்டைக்கு வருவாய் என எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். தண்டபாணி மட்டும் அப்படியேதான் இருக்கிறான், அந்தக் கதையை நேரில்தான் சொல்ல முடியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "பையன் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு எவனோ தொண்டை கிழியக் கத்துறதைக் கேட்டுக்கிட்டே இருக்கான்டா, மனசுல ஏதாவது இருக்கா, டாக்டர்கிட்ட காட்டணுமா" என்று போனில் கேட்டாய் அல்லவா. ஒன்றும் பயப்படாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் உன் குரலில் இருந்த பயம் என்னை விடவில்லை. அதற்கான பதிலைப் போனில் சொல்லி முடிக்க முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

அவன் கேட்கும் பேண்டுகள் என்று நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். அண்டர்ஓத், சில்வர்ஸ்டீன், அலெக்சிஸ்ஆன்ஃபயர், தர்ஸ்டே. நல்ல ரசனைடா உன் பையனுக்கு! இந்த வகைக்குப் போஸ்ட் ஹார்ட்கோர் என்று பெயர். இதில் எனக்குத் தாங்க முடியாத விஷயம் என்னவென்றால், நீ இத்தனை வருஷமாகக் குடியிருப்பது வர்ஜீனியாவின் லார்டனில். மாதா மாதம் ஆற்றைத் தாண்டி லான்ஹம் முருகன் கோயிலுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறாய். இந்த இசை பிறந்த வாஷிங்டனின் ஓரமாகத்தான் ஒவ்வொரு தடவையும் போய் வருகிறாய். நான் மாம்பலத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தெருக்களை வரைபடத்தில் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

1980-இல் வாஷிங்டனில் சில பள்ளிக்கூடத்துப் பையன்கள் டீன் ஐடில்ஸ் என்று ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். அது கலைந்தபோது கச்சேரிகளில் சேர்ந்த அறுநூறு டாலர் சொச்சம் கையில் இருந்தது. பங்கு போட்டுக்கொள்ளாமல் அந்தப் பணத்தில் தங்கள் பாட்டுகளை ஒரு சின்ன இசைத்தட்டாகப் போட்டார்கள். உறைக்குக் காசில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதே அளவுக்குக் கோடு போட்டு, கத்தரித்து, மடித்து, பசை தடவித் தாங்களே ஒட்டினார்கள். டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் அப்படித்தான் ஆரம்பித்தது. அதை நடத்தியவர்கள் இயன் மக்காயும் ஜெஃப் நெல்சனும். அடுத்த வருஷம் ஆர்லிங்டனில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். குடியிருப்பு, ஒத்திகை, அலுவலகம் எல்லாம் அந்த ஒரே வீட்டில்தான். எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது, செலவு போக மிஞ்சுவதில் பேண்டுக்கும் பங்கு. உன் வீட்டிலிருந்து அரை மணி நேரம்டா அந்த இடம்!

அப்போது அவர்கள் வாசித்தது ஹார்ட்கோர் பங்க். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும் வெறிவேகப் பாட்டு. பேட் பிரெய்ன்ஸ், மைனர் த்ரெட் எல்லாம் அந்த ஊர்தான். ஆனால் 1984 வாக்கில் அந்தக் கூட்டமே கெட்டுப்போனது. பாட்டு கேட்க வந்தவர்களைவிட அடிதடிக்கு வந்தவர்கள் அதிகமானார்கள். பெண்கள் முன்வரிசைக்கு வர முடியவில்லை. ஆரம்பித்து வைத்தவர்களுக்கே தங்கள் கச்சேரி பிடிக்காமல் போயிற்று.

மற்றவர்களாக இருந்தால் கடையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் 1985 கோடையில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார்கள். அந்தக் கோடைக்குப் 'புரட்சிக் கோடை' என்று பெயரே வைத்துக்கொண்டார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்பிரேஸ், பீஃப்ஈட்டர் என்று புதுப் புது பேண்டுகள் வந்தன. தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் நின்று நிறவெறிக்கு எதிராகக் கையில் கிடைத்ததையெல்லாம் டிரம்ஸாகத் தட்டிப் போராட்டம் நடத்தினார்கள். பாட்டிலும் மெட்டு வந்தது, வேகம் கூடிக் குறைந்தது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கில் கீ பிச்சியாட்டோ பாடுவதைக் கேள். பாதி வரியில் குரல் உடைந்துவிடும், அதை அவர் மறைக்கவே மாட்டார். அடுத்தவனைத் திட்டிய இசை தன் பயத்தையும் இழப்பையும் பேச ஆரம்பித்தது அங்கேதான். உன் பையன் கேட்கும் கத்தலுக்கு மூலம் அந்தக் குரல்.

வாஷிங்டன் மட்டும்தான் என்று சொன்னால் அநியாயம். மின்னியாபொலிஸில் ஹஸ்கர் டூவும் கலிஃபோர்னியா சான் பெட்ரோவில் மினிட்மென்னும் 1984-லேயே ஆளுக்கொரு இரட்டை ஆல்பம் போட்டு, ஹார்ட்கோருக்குள் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று காட்டிவிட்டார்கள். சிகாகோவில் ஸ்டீவ் அல்பினி டிரம்ஸ் ஆளுக்குப் பதில் ஒரு இயந்திரத்தை வைத்து, தகரத்தை அறுப்பது மாதிரி கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது என் மனசு முழுக்க ஃபுகாசிதான்.

மக்காயும் பிச்சியாட்டோவும் சேர்ந்த பேண்ட் அது, கூட ஜோ லாலி, பிரெண்டன் கான்டி. முதல் கச்சேரி 1987 செப்டம்பரில், பிச்சியாட்டோ அதற்குப் பிறகுதான் சேர்ந்தார். 'வெயிட்டிங் ரூம்' என்று ஒரு பாட்டு. முதலில் லாலியின் பேஸ் கிடார் மட்டும் தனியாக வரும். அப்புறம் டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து சூடு பிடிக்கும். இருபது விநாடி போல ஆனதும் மொத்தமும் சட்டென்று நின்றுவிடும். ஹெட்போன் பிடுங்கிக்கொண்டதோ என்று நீ வயரைத் தொட்டுப் பார்ப்பாய். அந்த நிசப்தம் நான்கு விநாடி போல நீடிக்கும், பிறகு வாத்தியங்கள் எல்லாம் ஒரே அடியில் உள்ளே வரும். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஹார்ட்கோர் காலத்துப் பையன்களால் இந்த நான்கு விநாடியைப் பொறுத்துக்கொண்டிருக்கவே முடியாது. இதைத்தான் போஸ்ட் ஹார்ட்கோர் என்று நான் புரிந்துகொண்டேன்: அதே பலம், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்த பலம்.

ஃபுகாசி கச்சேரிக்கு நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் ஐந்து டாலராகத்தான் இருந்தது. எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்று வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் குடிக்க அனுமதியில்லாத வயது என்றால் பாதி இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், அது உனக்கே தெரியும். தங்கள் பேரில் அவர்கள் டி-ஷர்ட் விற்றதில்லை. உள்ளூர்க் கச்சேரிகள் பெரும்பாலும் ஏதாவது நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட, இல்லாவிட்டால் இலவசம். 1990-இல் உங்கள் லார்டன் சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளுக்கு வாசித்திருக்கிறார்கள். ஆமாம், இப்போது குடியிருப்பும் கலைக்கூடமுமாக இருக்கிறதே, அந்த ஜெயில்தான். கீழே யாராவது மற்றவர்கள் மேல் பாய்ந்து இடித்தால் பாட்டை நடுவில் நிறுத்திவிடுவார்கள். இன்ன ஆள் என்று காட்டி, மரியாதையாக, அடுத்தவருக்கு வலிக்கிறது, விட்டுவிடுங்கள் என்பார்கள். கேட்காவிட்டால் ஐந்து டாலரைத் திருப்பிக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள்.

இதை இவ்வளவு தூரம் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஜனவரியில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய மைதானக் கச்சேரிக்குப் போயிருந்தேன். டிக்கெட்டை இஷ்டத்துக்கு விற்றிருந்தார்கள். இரண்டாவது பாட்டிலேயே பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். கையைத் தூக்க முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் கம்பித் தடுப்பில் சாய்ந்தபடியே மயங்கிவிட்டாள். கீழே விழக்கூட இடமில்லை, பாலா. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அவளைத் தலைக்கு மேலே தூக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொடுத்தோம். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று கத்தினோம். மேடையில் இருந்தவர்கள் இன்னும் சத்தமாகக் கை தட்டச் சொன்னார்கள். பெரிய திரையில் எங்கள் கூட்டத்தையே அழகாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அக்கா மகள் வீடு வரும்வரை என் சட்டையை விடவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வராமல், ஃபுகாசி பாட்டை நிறுத்தும் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியும். மைக் கையில் இருப்பவன் நினைத்தால் ஒரு விநாடியில் முடியும்.

இதற்குப் பிறகு நான் சொல்லப்போவது உன் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. நிர்வாணா என்ற ராக் பேண்ட் 1991-இல் பெரும்புகழ் பெற்ற பிறகு பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் செக்புக்கோடு வாஷிங்டனுக்கு வந்தன. ஜாபாக்ஸ் என்ற பேண்ட் அட்லான்டிக் கம்பெனிக்குப் போனது, ஷடர் டு திங்க் என்ற பேண்ட் எபிக் கம்பெனிக்குப் போனது. ஃபுகாசி போகவில்லை. ஸ்வீடனில் உமேயோவிலிருந்து வந்த ரெஃப்யூஸ்டு என்ற பேண்ட் 1998-இல் ஒரு மகத்தான ஆல்பம் போட்டுவிட்டு, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே கலைந்தது. அப்போதைய கடைசிக் கச்சேரி உங்கள் வர்ஜீனியாவில், ஹாரிசன்பர்க்கில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில். அதையும் போலீஸ் வந்து நிறுத்தியது. அவர்கள் கலைந்த பிறகுதான் உலகம் அந்த ஆல்பத்தைக் கண்டுபிடித்தது.

பிறகு டெக்சஸ் எல் பாசோவிலிருந்து அட் தி டிரைவ்-இன். 2000-இல் வந்த அவர்கள் ஆல்பம்தான் இந்த இசையைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனது. ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு எம்பி3 சிடியில் லிம்ப் பிஸ்கிட்டுக்கும் லிங்கின் பார்க்குக்கும் நடுவே இவர்கள் சிக்கியிருந்தார்கள். நீகூட ஒரு தடவை "இது என்னடா, பிளேயர் ரிப்பேரா" என்று கேட்டாய். 2001 ஜனவரி 26, சிட்னியில் பெரிய இசைவிழா. கீழே ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வதைப் பார்த்து நிறுத்தச் சொன்னார்கள், கூட்டம் கேட்கவில்லை. மூன்றே பாட்டோடு மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள். அதே நாள் பின்னால் லிம்ப் பிஸ்கிட் வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் நெரிசலில் சிக்கிய ஒரு சிறுமி சில நாட்களில் இறந்துபோனாள். பதினாறு வயது. விசாரணையில் கூட்டத்தைக் கட்டுப்படுத்திய விதத்தில் குறை இருந்ததாகச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் அட் தி டிரைவ்-இன்னும் பிரிந்துவிட்டது.

அவர்கள் திறந்த கதவு வழியாக எல்லோரும் வந்தார்கள். தர்ஸ்டே நியூஜெர்சி நியூ பிரன்ஸ்விக்கின் பேஸ்மென்ட் கச்சேரிகளில் வளர்ந்த பேண்ட், 2003-இல் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் ஏழாவது இடம். ஃப்ளோரிடாவின் அண்டர்ஓத் 2006-இல் இரண்டாவது இடம். ஒருவர் கத்துவார், இன்னொருவர் இனிமையாகப் பாடுவார், அந்த இரண்டும் மோதும் இடத்தில் பதினைந்து வயதுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. அந்தக் காலத்தில் கோடையில் ஊர் ஊராகப் போகும் வார்ப்டு டூர் இசைவிழா, வீட்டில் மைஸ்பேஸ் இணையதளம். பிரபலமானதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இசைத்தட்டுக் கடை இல்லாத சின்ன ஊர்ப் பையனுக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது. என் வருத்தமெல்லாம் அப்புறம் வந்த நூறு பேண்டுகளைப் பற்றித்தான். கத்தலை எடுத்துக்கொண்டார்கள், ஒரு கண்ணை மறைக்கும் முடியை எடுத்துக்கொண்டார்கள், சரணத்தில் கத்து, பல்லவியில் உருகு என்ற கணக்கை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து டாலரையும் பாட்டை நிறுத்துவதையும் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அதுவும் அந்த இசையில் ஒரு வாத்தியம்தான்.

ஆகவே, பாலா, கத்தலைக் கேட்டுப் பயப்படாதே. நன்றாகக் கத்துபவர்கள் அடிவயிற்று மூச்சில் பயிற்சி எடுத்துத்தான் கத்துகிறார்கள். கேட்பவனுக்கு அது துணை. அவன் சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் அப்போது கவலைப்படு, உடனே டாக்டரைப் பார், பாட்டின் மேல் பழி போடாதே. அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது காரில் அவனையே பாட்டு போடச் சொல். 'வெயிட்டிங் ரூம்' என்று நீயாகக் கேட்டால் அசந்துபோவான். கோடையில் வாஷிங்டன் ஃபோர்ட் ரெனோ பூங்காவில் இலவசக் கச்சேரிகள் நடப்பது பழைய வழக்கம், ஃபுகாசியும் அங்கே பலமுறை வாசித்திருக்கிறார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போ. காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள், இரண்டு பேருக்கும். பெரிய மைதானத்துக்கு அவன் நண்பர்களோடு தனியாகக் கிளம்பினால் மட்டும், முன்வரிசையில் நிற்காதே, வெளியே போகும் வழி எங்கே என்று முதலில் பார்த்துவை என்று சொல்லி அனுப்பு. இதை நான் சொன்னதாகவே சொல்.

டிசம்பரில் வரும்போது பையனையும் கட்டாயம் கூட்டி வா. செல்வம் புது வீட்டு மாடியில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறான். தர்ஸ்டேயில் உன் பையன் முதலில் கேட்ட பாட்டு எது என்று கேட்டு, அதை மட்டும் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
ரகு