அவன் ஏன் நிழலுக்குப் போகிறான்

சாத்தூர்

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கத்தார் நாட்டுத் தோஹா சைட்டில் உன்னிடம் கம்பி கட்டுகிற பீகார் பையனைப் பற்றிச் சொன்னாயே, கையும் கழுத்தும் தீக்காயத் தழும்பு, சும்மா சும்மா நிழலுக்குப் போய் டிமிக்கி கொடுக்கிறான் என்று. டிமிக்கி இல்லை அய்யா அது.

என் சட்டையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நீ. பருத்திக்குக் களை வெட்டிவிட்டு வந்தால் நெஞ்சுப் பக்கம் பிழியலாம், முதுகுப் பக்கம் இஸ்திரி போட்டது மாதிரி காய்ந்து கிடக்கும். பட்டாசு ஆலையில் மருந்து பற்றியபோது வெந்தது முதுகும் இடது கையும். தொடைத் தோலை மெல்லிசாகச் சீவி அங்கே ஒட்டினார்கள். வியர்வைச் சுரப்பி அதற்கும் கீழே ஆழத்தில் இருப்பதால் ஒட்டோடு வராது. வேடிக்கை என்னவென்றால், தோல் கொடுத்த தொடை இன்றும் நன்றாக வியர்க்கிறது. வாங்கிக்கொண்ட முதுகில் ஒரு சொட்டு கிடையாது. டாக்டர்கள் கணக்கில் முழு உடம்புத் தோலில் முதுகு முழுக்க 18 சதவீதம், ஒரு கை 9 சதவீதம். ஆக என் உடம்பில் கால்வாசிக்கு மேல் அப்படித்தான்.

காற்று உடம்பைவிடச் சூடாக இருந்தால், உள்சூடு வெளியேற வியர்வை காய்வது ஒன்றுதான் வழி. ஒட்டுத்தோலுக்கு அடியில் ரத்தக்குழாயும் முன்போல விரியாது. மிச்ச இடம் சேர்த்து வியர்க்கப் பார்க்கும், ஆனால் உங்கள் ஊர் ஆகஸ்ட் புழுக்கத்தில் அது காயாமல் வழிந்து வீணாய்ப் போகும். பார்க்கிறவனுக்கு நெற்றியில் ஊற்றுவதுதான் தெரியும். எனக்கு முதலில் காது அடைக்கும், பிடரியில் விண்விண்ணென்று தெறிக்கும், பிறகு குமட்டும். அதற்குள் எழுந்துவிட வேண்டும். அவன் எழுந்து போகிறான், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள், தீக்காயம் ஆறியவர்களை 40 டிகிரி அறையில் வைத்து உடற்பயிற்சி செய்யச் சொல்லிப் பார்த்ததாக அக்கா படித்துச் சொன்னாள். எத்தனை சதவீதம் வெந்தது என்பதைவிட, ஒட்டுப் போடாத தோல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் உடம்புச் சூடு எவ்வளவு ஏறும் என்று சரியாகச் சொல்ல முடிந்ததாம். ஒரே அளவு வெந்திருந்தாலும் பெரிய உடம்புக்காரனுக்கு நல்ல தோல் அதிகம். அந்தப் பீகார் பையன் ஒல்லி என்றாய். யோசித்துப் பார்.

ஜூன் முதல் செப்டம்பர் 15 வரை பத்து மணியிலிருந்து மூன்றரை வரை வெளிவேலை கூடாது, சூடு, புழுக்கம், வெயில் எல்லாம் சேர்த்து அளக்கிற மீட்டர் 32.1 டிகிரி தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்த வேண்டும் என்று நீதான் சொன்னாய். நல்ல சட்டம். ஆனால் அந்த மீட்டர் அளப்பது சுற்றியுள்ள சூட்டை, அவன் முதுகை அல்ல. அவனுக்குக் காலை எட்டரையே உச்சிவெயில்.

வெயிலில் கம்பி சுமப்பதை விட்டு, கூரைக்கடியில் கம்பி வளைக்கிற பக்கம் போடு. பெரிய ஃபேன் ஒன்று கேட்டு வாங்கு. தழும்பு உள்ள இடத்தில் சட்டையை அடிக்கடி நனைத்துக்கொள்ளச் சொல், வராத வியர்வைக்கு அந்தத் தண்ணீர்தான் மாற்று. புழுக்க நாளில் ஃபேன் இல்லாமல் அதுவும் அவ்வளவாக உதவாது. 'சட்டையைக் கழற்றிப் போடு' என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதே, ஒட்டுத்தோல் வெயிலுக்குச் சீக்கிரம் வெந்துவிடும். லீவு முடிந்து வந்தால் முதல் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்டு, ஒட்டுப் போட்ட உடம்பும் வெயிலுக்கு ஓரளவு பழகும்.

இதையெல்லாம் கூட்டத்தில் வைத்துக் கேட்காதே. நான் வேலைக்குத் திரும்பிய புதிதில் ஒரு மேஸ்திரி எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னான். மறுநாள் நான் அங்கே போகவில்லை.

தனியாக டீ வாங்கிக் கொடுத்து, எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எந்த நேரத்தில் தலை சுற்றுகிறது என்று கேள். கேட்டதை அடுத்த வெள்ளிக்கிழமை போனில் எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா