ஜாஷ் ஆலனைச் சாக்குச் சொல்லாதீர்கள்: என்.எஃப்.எல். அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் 32 அணிகளின் பொது மேலாளர்களுக்கும், கல்லூரி வீரர்களை மதிப்பிடும் ஸ்கவுட்டுகளுக்கும்,

வணக்கம்.

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கினாலே, கையில் வலுவும் எறிதலில் தடுமாற்றமும் உள்ள ஒரு கல்லூரி குவாட்டர்பேக்கின் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பெயர் பட்டியலில் மேலேறத் தொடங்கிவிடுகிறது. ஏன் என்று கேட்டால் உங்கள் பக்கத்திலிருந்து வரும் பதில், "ஜாஷ் ஆலனும் அப்படித்தானே இருந்தார்?"

இருந்தார்தான்; பின்னர் முன்னணி குவாட்டர்பேக்காக உயர்ந்தார். வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவர் எறிந்தவற்றில் 56 சதவீதம்தான் பிடிபட்டன. 2018-இல் பஃபலோ அணி அவரை 7-ஆவதாக எடுத்தது. முதல் பருவத்தில் 52.8 சதவீதம், 2020-இல் 69.2. அந்த இடைவெளியில் அவருடைய எறியும் முறை திருத்தப்பட்டது, தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபல் மாறாமல் உடனிருந்தார், 2020-இல் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்து சேர்ந்தார். மூன்றும் ஒருவருக்கே வாய்ப்பது அரிது. இண்டியானாபொலிஸ் அணி 2023-இல் ஆந்தனி ரிச்சர்ட்சனை 4-ஆவதாக எடுத்தபோதும் இதே வாதம்தான் ஒலித்தது. ஃப்ளோரிடாவில் அவர் தொடக்கத்திலிருந்து ஆடியது 13 ஆட்டங்கள், 2022-இல் 53.8 சதவீதம். ஆனால் 40 யார்டை 4.43 வினாடியில் ஓடினார்! 2024-இல் அவரது கணக்கு 47.7 சதவீதம். காயங்களும் அவரை விடவில்லை என்பது உண்மை. ஆனாலும் குறி தவறும் பழக்கம் கல்லூரி ஆட்டக் காணொளியிலேயே தெரிந்தது.

மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்பச் சொல்லவில்லை. அதுவும் ஏமாற்றும். 2020-இல் அலபாமாவில் மேக் ஜோன்ஸின் கணக்கு 77.4, அவர் எறிந்ததைப் பிடிக்க ஓடியவர்களில் டெவான்டா ஸ்மித் போன்ற மிகச் சிறந்த ரிசீவரும் ஒருவர். ஆகவே முதலில் ஸ்க்ரீன் பாஸ்களை (அருகிலேயே கொடுக்கும் எளிய எறிதல்கள்) கழியுங்கள். ஆர்.பி.ஓ. எறிதல்களை (ஓடுவதா எறிவதா என்று குவாட்டர்பேக் நடுவில் முடிவெடுப்பவை) தனிக் கட்டத்தில் போடுங்கள்: கல்லூரியில் பந்து கையை விட்டுப் போகுமுன் லைன்மேன் (குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர்) 3 யார்டு வரை முன்னேறலாம், உங்களிடம் 1 யார்டுதான். கல்லூரியில் ஓட்டம் என்று நம்பி முன்னே பாயும் லைன்பேக்கர் (எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்), உங்களிடம் அவ்வளவு எளிதில் ஏமாற மாட்டார். மிச்சமுள்ள எறிதல்களில் பந்து பிடிபட்டதா என்பதோடு, ரிசீவரின் எந்தத் தோளுக்குப் போனது, ஓட்டத்தை நிறுத்தாமல் பிடிக்க முடிந்ததா என்றும் குறியுங்கள். முதல் ரிசீவர் அடைபட்ட பிறகு இரண்டாமவரிடம் போன எறிதல்கள் எத்தனை? சில கல்லூரித் திட்டங்களில் இந்தக் கட்டம் ஏறக்குறைய காலியாகவே இருக்கும். அது அந்த இளைஞரின் குற்றமில்லை. ஆனால் அவரால் முடியும் என்பதற்கும் சான்று இல்லை.

அடுத்தது ஸாக்: எறியுமுன்னே குவாட்டர்பேக்கை எதிரணி வீழ்த்துவது. கல்லூரிப் புள்ளிவிவரத்தில் ஸாக்கில் இழந்த யார்டுகளை ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். அதனால் பந்தை வைத்துக்கொண்டு திண்டாடும் குவாட்டர்பேக்கின் பாஸ் கணக்கு பளபளப்பாகவே இருக்கும். எதிரணி நெருக்கிய எறிதல் முயற்சிகளை மட்டும் எடுத்து, அவற்றில் எத்தனை ஸாக்கில் முடிந்தன என்று பாருங்கள். ஸ்நாப்பிலிருந்து (பந்தைப் பின்னுக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் நொடி) இரண்டரை வினாடிக்குள் வந்த நெருக்கடியை லைன்மேன்கள் கணக்கில் எழுதுங்கள்; அதற்குப் பிறகு வந்ததில் பெரும்பங்கு குவாட்டர்பேக் தானே வரவழைத்தது. சுற்றிச் சுழன்று தப்பி ஓடி எறிந்த ஒரு பந்து தொலைக்காட்சியில் பத்து முறை வரும். அதே முயற்சியில் 12 யார்டு பின்னுக்குப் போய் விழுந்தது ஒரு முறையும் வராது. லைன்மேன்கள் மோசம் என்று மன்னித்து எடுக்கும் இந்தப் பழக்கம் பெரும்பாலும் கூடவே வருகிறது. 2024-இல் முதலாவதாகத் தேர்வான கேலப் வில்லியம்ஸ் அந்தப் பருவத்தில் 68 முறை ஸாக் ஆனார். சிகாகோவின் லைன்மேன்களுக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. மொத்தப் பழியையும் அவர்கள் தலையில் கட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

கை வலுவைப் பார்க்க ப்ரோ டே (கல்லூரியில் ஸ்கவுட்டுகள் முன் நடக்கும் திறன் காட்சி) எதற்கு? கவசமில்லை, தடுப்பாளர் இல்லை, எந்தப் பந்து எப்போது எறிய வேண்டும் என்பதும் முன்கூட்டியே எழுதிவைத்தது. 2021-இல் குவாட்டர்பேக் ஸாக் வில்சன் பி.ஒய்.யு. பல்கலைக்கழக அரங்கில் எறிந்த ஒரு பந்தை நாடே பார்த்து வியந்தது. ஜெட்ஸ் அணியினர் அவரை 2-ஆவதாக எடுத்தார்கள். பின் அவர் அங்கே எடுபடவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வலுவுக்கான சான்று ஆட்டக் காணொளியிலேயே கிடக்கிறது. கல்லூரி மைதானத்தில், பந்தை வைத்துத் தொடங்கும் இடத்துக்கு எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, உங்கள் மைதானத்தில் 18 அடி 6 அங்குலம். அதனால் கல்லூரியில் ஒரு ஹாஷிலிருந்து எதிர்ப்பக்க எல்லைக்கோடு 100 அடி தள்ளியிருக்கிறது. உங்களிடம் அது 90 அடிக்குச் சற்றுக் குறைவு. அந்த அகலப் பக்கம் எறிந்த 'அவுட்' பாஸ்களை (எல்லைக்கோட்டை நோக்கித் திரும்பும் ரிசீவருக்கு எறிபவை) மட்டும் தொகுத்துப் பாருங்கள், கை தெரிந்துவிடும். அதே அகலம் தடுப்பாளர்களையும் இழுத்து விரித்து, நடுவில் பெரிய இடைவெளிகளைத் திறந்துவிடும். அந்த இடைவெளிகள் உங்கள் மைதானத்தில் இராது என்பதையும் அருகில் எழுதிவையுங்கள்.

ஆட்ட எண்ணிக்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் தொடக்கத்திலிருந்து மிட்செல் ட்ருபிஸ்கி ஆடியது 13 ஆட்டங்கள், ட்ரே லான்ஸ் 17. கேம் நியூட்டன் ஆபர்னில் ஒரே பருவம் ஆடி, 2015-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் (எம்.வி.பி.) ஆனார் என்பதால் இதை விதியாக்க முடியாது. குறைவாக ஆடியவர் என்றால் உங்கள் கணிப்பின் பிழை வரம்பு பெரிது, அவ்வளவே. அவருக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்புகளைக் கொடுத்து டிராஃப்ட் வரிசையில் மேலேறுவது வேறு விஷயம். சான் பிரான்சிஸ்கோ லான்ஸுக்காக அதைத்தான் செய்தது. பின்னர் அந்த அணியைக் கரையேற்றியவர், அயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டுகள் ஆடிவிட்டு 2022-இல் 262-ஆவதாக, கடைசி ஆளாகப் போன ப்ராக் பர்டி.

ஒரே ஒரு கோரிக்கை. பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் (வீரர்களின் திறன் சோதனை முகாம்) தொடங்குமுன், ஒவ்வொரு ஸ்கவுட்டும் தன் மதிப்பெண்ணை எழுதிப் பூட்டட்டும். அதன் பிறகு அது உயர்ந்தால், எந்த ஆட்டத்தின் எந்த ஸ்நாப் காரணம் என்று பக்கத்தில் குறிக்கட்டும். மருத்துவ அறிக்கைக்கும் நேர்காணலுக்கும் தனிப் பத்தி வையுங்கள். கசிந்த அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பத்தியே வேண்டாம்: 2023-இல் அப்படிக் கேலிக்குள்ளான சி.ஜே. ஸ்ட்ரவுட்தான் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர்.

இப்படிக்கு,
கல்லூரி ஆட்டங்களை ஸ்நாப் ஸ்நாப்பாகக் கணக்கெடுப்போர்